சேவலா, பெட்டையா? அவசரப்படாமல் பாருங்கள்!



கூடை நிறைய பச்சை, சிவப்பு, ஊதா நிறக் கோழிக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு தெருவில் விற்றுப் போவாரே ஒருவர், அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓசூர், சூளகிரி, பாகலூர், எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி என்று எங்கே போனாலும் அந்தக் கூடையைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் கூட்டம்தான்! "இது வளர்ந்து முட்டை போடுமா?" என்று கேட்டால், "ஓ! போடுமே!" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

நிஜமாகவே முட்டை போடுமா? அதாவது, அந்தக் குஞ்சு சேவலா, பெட்டையா? இந்த வாரம் அதைத்தான் கற்றுக்கொள்ளப் போகிறோம். அந்தக் கலர்க் குஞ்சின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் வீட்டுக் கோழியிடம் பாடம் படிப்போம்.

மூன்று மொழியில் ஒரு கோழி

நம் பகுதியில் ஒரே வகுப்பில் தமிழ் பேசுகிற பிள்ளை, தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். நாம் சேவல் என்பதைத் தெலுங்கில் 'புஞ்சு' என்பார்கள். கன்னடத்தில் 'ஹுஞ்ச'. தமிழில் 'பெட்டை', தெலுங்கில் 'பெட்ட'. எவ்வளவு நெருக்கம் பார்த்தீர்களா!

தமிழில் இன்னொரு அழகான சொல்லும் உண்டு. முட்டையிடத் தயாராகிற இளம் பெட்டையை 'விடைக்கோழி' என்பார்கள். பேச்சில் 'வெடக்கோழி'. இளம் சேவல் 'விடைச்சேவல்'. குஞ்சும் இல்லை, முழுக் கோழியும் இல்லை. நடுவில் இருக்கிற வயது. உங்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த வயதை எட்டுவதற்குள் சேவலையும் பெட்டையையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதுதான் நம் பாடம்.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கோழி வளர்க்கிற வீட்டில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பத்துக் குஞ்சு பொரித்த வீட்டில் எத்தனை பெட்டை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வருடம் எத்தனை முட்டை என்பது அமையும். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் சேவல் இருந்தால் ஒன்றோடொன்று சண்டையிட்டு ரத்தக் காயமாகும். பெட்டைகளுக்கும் நிம்மதி இருக்காது. அதனால் எந்தக் குஞ்சை முட்டைக்கு வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று அம்மாவும் பாட்டியும் கணக்குப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போனால் தெரியும். கோழி வாங்குகிறவர் முதலில் கொண்டையைப் பார்ப்பார், பிறகு காலைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை பேசுவார்.

பாதி சேவல், பாதி பெட்டை பிறக்காதா என்று கேட்பீர்கள். நிறையக் குஞ்சுகளைச் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ஆனால் ஒரு அடையில் அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். ஐந்து தலை, ஐந்து பூ என்று ஒவ்வொரு தடவையும் சரியாக விழுகிறதா? ஏழு தலை கூட விழும். அதுபோல ஒரு அடையில் ஏழு சேவலும் வரலாம்.

முட்டையைப் பார்த்தே சொல்லலாமா?

"கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை" என்று சில வீடுகளில் சொல்வார்கள். இது நம் ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் முட்டையின் வடிவத்தைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் சொன்னது தலைகீழ்! நீண்டு கூர்மையாக இருந்தால் பெட்டை, உருண்டையாக இருந்தால் சேவல் என்றார். பின்னால் வந்த ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா, கூர்மையான முட்டையில்தான் சேவல் என்றார். பெரிய பெரிய ஆட்களே ஒருவருக்கொருவர் எதிராகச் சொன்னால் நாம் எதை நம்புவது? இரண்டையுமே நம்ப வேண்டாம். முட்டையின் வடிவம், அது உருவாகிற குழாயின் அமைப்பைப் பொறுத்தது. உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. முட்டைக்கு மேல் நூலில் ஊசியைத் தொங்கவிட்டு, அது ஆடுவதைப் பார்த்துச் சொல்வதும் அப்படித்தான்.

உண்மையில் இது எங்கே முடிவாகிறது தெரியுமா? தாய்க் கோழியிடம்! மனிதர்களில் குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வருகிற குரோமோசோமைப் பொறுத்தது. கோழியில் நேர் மாறு. சேவலிடம் இரண்டு 'இசட்' குரோமோசோம்கள். பெட்டையிடம் ஒரு 'இசட்', ஒரு 'டபிள்யூ'. பெட்டை 'இசட்' கொடுத்தால் சேவல் குஞ்சு. 'டபிள்யூ' கொடுத்தால் பெட்டைக் குஞ்சு. முட்டைக்கு ஓடு உருவாவதற்கு முன்பே இது முடிந்துவிடும். அடை வைக்கிற நாள், கிழமை எதுவும் அதை மாற்றாது.

முதல் நாளிலேயே சொல்கிறவர்கள்

பொரித்த அன்றே பிரிக்கிறவர்களும் உண்டு. பெரிய குஞ்சு பொரிப்பகங்களில் இது ஒரு தனி வேலை. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குஞ்சின் பின்புறத் துவாரத்தை மெல்லத் திறந்து, உள்ளே இருக்கிற மிகச் சிறிய புடைப்பைப் பார்ப்பது. இதை 1920-களில் ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற அறிஞர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். 1927-ம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் மசூயி இதை எடுத்துச் சொன்னபோது உலகமே ஆச்சரியப்பட்டது. நன்றாகப் பழகியவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். ஆனால் அதற்கு நீண்ட காலப் பயிற்சி வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் இதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். கொஞ்சம் அழுத்தினாலும் குஞ்சின் குடல் கெட்டு அது செத்துப் போகும்.

இரண்டாவது வழி நிறம். இங்கிலாந்து விஞ்ஞானி ரெஜினால்டு புன்னட்டின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? பத்தாம் வகுப்பு படிக்கிற அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள். 'புன்னட் கட்டம்' போட்டவர் அவர்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. தேவையில்லாத சேவல்களுக்குத் தீனி வீணாகக் கூடாது என்று யோசித்தார். நிறத்தைக் கொடுக்கிற சில மரபணுக்கள் அந்த 'இசட்' குரோமோசோமில் இருப்பதால், பெற்றோரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குஞ்சின் நிறத்திலேயே பிரிக்கலாம் என்று கண்டார். இன்று பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகள் பலவற்றில், பொரித்த அன்று செம்பழுப்பாக இருப்பது பெட்டை. வெளிர் மஞ்சளாக இருப்பது சேவல்.

மூன்றாவது வழி சிறகு. சில இனக் கலப்புகளில், ஒரு நாள் குஞ்சின் சிறகை விரித்தால் இரண்டு வரிசை இறகு தெரியும். ஒரு வரிசை நீளமாக, மற்றது குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் சேவல்.

"அப்படியானால் எங்கள் வீட்டுக் குஞ்சையும் சிறகை விரித்துப் பார்க்கலாமே!" என்று ஓடாதீர்கள். நிறமும் சிறகும் பேசுவது, அதற்கென்றே தாயையும் தந்தையையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்த குஞ்சுகளில் மட்டும்தான். நம் தெருவில் மேய்கிற நாட்டுக் கோழியின் அப்பா எந்தச் சேவல் என்பதே தெரியாது! அதனால் நமக்கு இருப்பது ஒரே வழி. பொறுத்திருந்து, வாரா வாரம் பார்ப்பது.

வாரம் வாரமாகப் பாருங்கள்

முதல் இரண்டு வாரம்: எல்லாம் மஞ்சுப் பந்து போல ஒரே மாதிரி இருக்கும். ஓடுகிறது, கழுத்தைத் தூக்குகிறது, சண்டை போடுகிறது என்பதை வைத்து "இது சேவல்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். சண்டை போடுகிற பெட்டையும் உண்டு. பயந்து ஒதுங்குகிற சேவலும் உண்டு.

மூன்றாவது, நான்காவது வாரம்: இப்போது கொண்டையைப் பாருங்கள். சில குஞ்சுகளின் கொண்டை கொஞ்சம் பெரிதாகி இளஞ்சிவப்பு ஏறும். அவை சேவலாக இருக்கலாம். பெட்டையின் கொண்டை சின்னதாக, வெளிர் மஞ்சளாகவே இருக்கும். இன்னொரு வேடிக்கை: இந்த வயதில் பெட்டைக் குஞ்சுகள்தான் முதலில் நேர்த்தியாக உடுத்திக்கொள்ளும். வாலும் முதுகும் இறகால் மூடிவிடும். சேவல் குஞ்சோ பல நேரம் முதுகு மூடாமல், குட்டை வாலோடு சட்டை போடாத பையன் மாதிரி திரியும்.

ஐந்து முதல் எட்டு வாரம்: வித்தியாசம் கூடும். சேவலின் கொண்டை சிவக்கும். அலகுக்குக் கீழே தொங்குகிற தாடியும் தெரிய ஆரம்பிக்கும். கால் தடிமனாகும். நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். பெட்டையின் கால் மெலிந்து, உடம்பு தரைக்கு இணையாகத் தாழ்ந்து இருக்கும். ஒரே அடையில் பிறந்த குஞ்சுகளை மட்டும் ஒப்பிடுங்கள். பெரிய குஞ்சையும் சின்னக் குஞ்சையும் ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.

ஒன்பது முதல் பதினான்கு வாரம்: இதுதான் நல்ல சாட்சி சொல்கிற காலம். கழுத்தைச் சுற்றி இருக்கிற இறகையும், முதுகு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் இருக்கிற இறகையும் பாருங்கள். நுனி நீண்டு கூர்மையாக, பளபளவென்று இருந்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. பிறகு சேவலின் வாலில் அரிவாள் போல வளைந்த இறகுகள் வரும். கொண்டை ஏமாற்றலாம், இந்தக் கூர் இறகு அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது.

கூவலும் முட்டையும்: இரண்டு மூன்று மாதம் ஆனதும், ஒரு நாள் விடியற்காலையில் தகரத்தைத் தேய்த்தது போல ஒரு சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள்! விடைச்சேவல் கூவக் கற்றுக்கொள்கிறது. பெட்டையின் கொண்டை ஐந்து, ஆறு மாதத்தில்தான் சிவக்கும். "அய்யோ, பெட்டை என்று நினைத்தோமே, இதுவும் சேவலா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. அது முட்டையிடத் தயாராகிவிட்டது என்று பொருள். நாட்டுக் கோழி ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்தில் முதல் முட்டை இடும். அந்த முட்டையை விடப் பெரிய சாட்சி வேறென்ன?

நம்மைக் குழப்புகிற கோழிகள்

சண்டைக்கோழி என்று சொல்கிற அசீல் இனத்தில் சேவலுக்கே கொண்டை தட்டையாக, சின்னதாகத்தான் இருக்கும். அதில் கொண்டையை மட்டும் பார்த்தால் எல்லாமே பெட்டை என்று சொல்லிவிடுவீர்கள். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழியில் கழுத்து இறகைத் தேட முடியாது. முதுகின் பின்பக்க இறகைத்தான் பார்க்க வேண்டும். பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான 'கிரிராஜா' கோழியை நம் எல்லைப் பக்கத்திலும் வளர்க்கிறார்கள். அதில் பெட்டையும் வாட்டசாட்டமாகவே வளரும். உடம்பு பெரிது என்பதால் சேவல் ஆகிவிடாது. காலில் முள் இருந்தால் சேவல் என்பதும் முழு உண்மை இல்லை. வயதான பெட்டைக்கும் சில சமயம் முள் வளரும்.

ஒரே ஒரு அடையாளத்தை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கொண்டை, கால், நிற்கிற விதம், இறகின் நுனி நான்கையும், நான்கைந்து வாரம் பார்த்த பிறகு சொல்ல வேண்டும். கோழிக்கு மட்டும் இல்லை, மனிதரைப் பற்றிப் பேசும்போதும் இது பொருந்தும்.

கலர்க் குஞ்சின் கதை

இப்போது அந்தக் கூடைக்கு வருவோம். முட்டைக்காகவே வளர்க்கிற கோழி இனத்தில் சேவல் முட்டையிடாது. பிராய்லர் போலச் சீக்கிரம் சதையும் பிடிக்காது. அதனால் குஞ்சு பொரிப்பகங்களில் முதல் நாளிலேயே சேவல் குஞ்சுகளைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குஞ்சுகள் அன்றே அழிக்கப்படுகின்றன. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அல்லவா? அப்படி ஒதுக்கிய குஞ்சுகளில் கொஞ்சம்தான் சாயம் பூசிக்கொண்டு நம் தெருவுக்கு வருகிறது. ஆக, அந்தக் கலர்க் குஞ்சு பெரும்பாலும் சேவல்தான். முட்டை போடாது.

அதைவிடத் துயரமானது, அவற்றில் நிறைய ஒரு வாரம் கூட உயிரோடு இருப்பதில்லை. பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தாய்க் கோழி இறக்கைக்குள் வைத்து அதைக் கொடுக்கும். தாய் இல்லாத குஞ்சுக்குப் பல்பு போட்டுச் சூடு தர வேண்டும். சாயத்தில் நனைந்து, கூடையில் அலைந்து, ஓசூர்க் குளிரில் அட்டைப் பெட்டிக்குள் தனியாகக் கிடந்தால் அந்தக் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் சாயம் பூசுகிறார்கள்.

இதற்கு விடை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல், சேவல் என்பதற்காகக் குஞ்சுகளை அழிக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பிரான்சும் 2023-ல் அதே வழியில் வந்தது. அங்கே முட்டை அடையில் இருக்கும்போதே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். லேசர் கதிரால் ஓட்டில் கடுகை விடச் சின்னத் துளை போட்டு ஒரு துளி நீரை எடுத்துச் சோதிப்பது ஒரு முறை. ஓட்டின் வழியாக ஒளியைச் செலுத்தி, உள்ளே வளர்கிற இறகின் நிறத்தைக் கருவி மூலம் பார்ப்பது இன்னொரு முறை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதன் ஆசைப்பட்டது, அதாவது முட்டையைப் பார்த்தே சொல்வது, இப்போதுதான் கைகூடி வருகிறது!

இப்படிப்பட்ட வேலையில் உங்களுக்கு ஆர்வம் உண்டா? வெகு தூரம் போக வேண்டாம். ஓசூரை அடுத்த மத்திகிரியிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. கோழியினத் தொழில்நுட்பத்தில் நான்கு ஆண்டு பி.டெக். படிப்பு அங்கே உண்டு. 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பழைய கால்நடைப் பண்ணையும் அதே மத்திகிரியில்தான். சிப்காட் கம்பெனி வேலை மட்டும்தான் நம் ஊரில் வேலை என்று நினைக்காதீர்கள்.

நீங்களும் செய்யலாம்

வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, தாத்தா ஊரிலோ குஞ்சு பொரித்திருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ஒவ்வொரு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் தடிக்கும், அதனால் வாரம் ஒரு முறை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். மறந்துவிட்டால் நூல் காலை அறுத்துவிடும். குஞ்சைப் பிடிக்கும்போது தாய்க் கோழி கொத்த வரும். கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையையும் குவித்து அதில் ஏந்துங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்கு விஷயம் எழுதுங்கள். கொண்டையின் நிறம், காலின் தடிமன், நிற்கிற விதம், இறகின் நுனி. நான்காவது வாரம் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பதினான்காவது வாரம் விடையைப் பேனாவால் எழுதுங்கள். எத்தனை ஊகம் சரியாக வந்தது, எந்த அடையாளம் ஏமாற்றியது என்று வகுப்பில் சொல்லுங்கள்.

முட்டை போடுமென்று நீங்கள் ஆசையாக வளர்த்த குஞ்சு கடைசியில் சேவலாக இருந்துவிட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். சேவல் இல்லாமல் அடுத்த அடையில் குஞ்சு பொரிக்காது. பருந்து வட்டமிட்டால் முதலில் குரல் கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். அதுவும் தீனிக்கும் தண்ணீருக்கும் உங்களை நம்பி வளர்ந்த உயிர்தானே!